சவலையும் தராசும்

அடுத்த பிள்ளை உண்டானதும் தாய்ப்பாலை இழந்து மெலியும் குழந்தையைத் தமிழர் 'சவலைப் பிள்ளை' என்பர். நோயும் அதன் காரணமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், கா மொழி பேசுவோரிடமும் ஏறக்குறைய இதே பொருளில் 'குவாஷியோர்கர்' என்னும் சொல் வழங்கியது. அதனை 1935-இல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். மறு ஆண்டு மலாயாவுக்கு மாற்றலாகி வந்த அவர், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் 'பாலும் கொலையும்' என்று பேசினார். தாய்ப்பாலுக்கு ஈடென்று இனிப்பு டின்பாலை விளம்பரப்படுத்தியதையே அவர் கொலை என்று கடிந்தார்.

பின்வந்தோர் காரணத்தை விடுத்துத் தராசைக் கையிலெடுத்தனர். மெக்சிகோ மருத்துவர் கோமேஸ் 1956-இல் வகுத்த முறைப்படி, வயதுக்குரிய எடையில் 90 விழுக்காட்டுக்குக் கீழ் 75 வரை முதல் நிலை. 75-லிருந்து 60 வரை இரண்டாம் நிலை. அதற்கும் கீழ் மூன்றாம் நிலை. எளிய முறைதான்; ஆனால் இடறும் முறை. பல ஆண்டுகள் குறையுணவுண்டு குட்டையாகிப் போனவன் ஒருவன். சென்ற திங்கள் வயிற்றுப்போக்கு வந்து எலும்பும் தோலுமானவன் மற்றொருவன். தராசில் இருவரும் ஒரே எடை காட்டலாம். ஆயினும் இரண்டாமவனுக்கு மருத்துவம் இன்றே வேண்டும். குவாஷியோர்கர் கண்ட குழந்தையோ உடலில் நீர் கோத்து வீங்குவதால், உண்மை மெலிவு எடையில் மறைந்துபோகும்.

1972-இல் வாட்டர்லோ இவற்றைப் பிரித்துக் காட்டினார். உயரத்துக்கேற்ற எடையின்மை மெலிவு; வயதுக்கேற்ற உயரமின்மை வளர்ச்சி குன்றல். இப்பிரிவு இன்றும் உலக சுகாதார நிறுவனத்தால் கையாளப்படுகிறது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 21.8 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியோர் எனக் கண்டது. பஞ்சம் பட்ட நாடா இது?

அன்று. இங்கே வயிறு காய்வதில்லை. காலையில் இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும், பகலில் சோறும் குழம்பும், மாலையில் பொட்டலத் தீனியும் உண்ணும் பிள்ளை, குட்டையாகவும் அதே வேளையில் கொழுத்தும் இருக்கக்கூடும். வயதுக்குரிய எடையை மட்டும் பார்த்தால் அவன் பெயர் நலமுள்ளோர் பட்டியலில் ஏறிவிடும். 'கொழுகொழுவென்று இருக்கிறானே' என்று பாட்டியும் மகிழ்வாள்.

ஆகவே இப்போது உண்கலத்தையும் அளக்கின்றனர். 6 முதல் 23 மாதக் குழந்தை முந்தைய நாள் உண்டவற்றை எட்டு வகையாகப் பிரிப்பர்: தாய்ப்பால், தானியம் கிழங்கு, பருப்பு கொட்டை, பால் பொருள், இறைச்சி மீன், முட்டை, உயிர்ச்சத்து 'ஏ' மிகுந்த காய்கனி, பிற காய்கனி. ஐந்து வகையேனும் இருத்தல் வேண்டும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. எத்தனை வகை என்று கேட்பார்களேயன்றி, எவ்வளவு என்று கேட்பதில்லை. ஒரு கடி மீனும் ஒரு துண்டு மீனும் ஏட்டில் ஒன்றே.