ஆமைச் சீட்டு சொன்ன ஆறுதல்

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு பெண்மணி தன் மகளோடு என்னிடம் வந்திருந்தார். வயது 57. "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர், தெம்புக்கு ஏதாவது லேகியம் குடுங்க" என்றார். நாடி பார்த்தேன். கீழிமையை விலக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் மெல்லச் சொன்னார். மாதவிலக்கு நின்று 6 வருடம் ஆகிவிட்டது. ஆனால், நாலு மாதமாக அவ்வப்போது ரத்தம் படுகிறது!

"நாலு மாசமாவா? ஏம்மா முதல்லயே யார்கிட்டேயும் காட்டலை?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயம் இதுதான். மகள் ஆசைக்கு ஒரு டாரட் சீட்டுக்கட்டு வாங்கி வைத்திருக்கிறாள். சீட்டுக்குச் சீட்டு விலங்குப் படம் போட்ட கட்டு. "டாக்டர்கிட்ட போகலாமா, வேண்டாமான்னு எனக்கு ஒண்ணு எடுத்துப் பாரேன்" என்று அம்மா கேட்டிருக்கிறார். வந்தது ஆமை. கூடவே இருந்த சின்னப் புத்தகத்தில், 'பொறுமை, அவசரம் வேண்டாம்' என்கிற மாதிரி பலன் போட்டிருந்ததாம். அவ்வளவுதான், அம்மா நிம்மதியாக நாலு மாதம் இருந்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது பல வீடுகளில், குறிப்பாக இளம் பெண்களிடம் இந்தச் சீட்டு புழங்குகிறது. அது என்ன, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று முதலில் பார்ப்போம்.

விளையாட்டாக வந்தது

டாரட், 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் செல்வந்தர் வீடுகளில் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டாட்டம். அதை வைத்துக் குறி சொல்லும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரான்சில். 1781ல் கூர் த ஜெபெலன் என்பவர், 'இது பழைய எகிப்தியரின் ரகசிய ஞானம்' என்று எழுதினார். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது.

ஒரு கட்டில் 78 சீட்டுகள். 22 பெரிய சீட்டு; மீதி 56, கோப்பை, கோல், வாள், காசு என்று நாலு வகையில் வகைக்கு 14. இன்று உலகம் முழுக்கப் பழகிய படங்களை 1909ல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருக்காக வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். அதிலேயே விலங்குகள் உண்டு. பேதையின் காலடியில் நாய், வலிமைச் சீட்டில் சிங்கம், நிலாச் சீட்டில் நாயும் ஓநாயும்.

பிற்பாடு, மனிதர்களை எடுத்துவிட்டு விலங்குகளை வைத்தே கட்டு வரைய ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் கிம் கிரான்ஸ் 2012ல் வெளியிட்ட கட்டு ஒன்று பிரபலம். அதில் ராஜா, ராணி கிடையாது. அப்பா, அம்மா, மகன், மகள்! கோப்பைக் குடும்பத்துக்கு அன்னம், கோலுக்குப் பாம்பு, வாளுக்கு ஆந்தை, காசுக்கு மான்.

பார்க்கும் முறை எளிது. மனதில் ஒரு கேள்வி. சீட்டைக் கலைத்து ஒன்றோ, மூன்றோ எடுப்பது. மூன்று என்றால் போனது, நடப்பது, வரப்போவது என்று வைத்துக்கொள்வார்கள். படத்தின் பலனைக் கேள்வியோடு பொருத்திச் சொல்வார்கள். நம் ஊரில் கிளி சீட்டு எடுக்கும். அங்கே கிளியே சீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்!

'அப்படியே சரியா சொல்லுதே!'

எப்படிச் சரியாக இருக்கிறது? 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க மனவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். 'இது உன் குணம்' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4க்கு மேல் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோரிடமும் இருந்தது ஒரே வாசகம்! சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த பொதுவான வரிகள். பொதுவாகச் சொன்னால், நம் மனசே அதை நமக்கென்று தைத்துக்கொள்ளும்.

அந்த ஆமையையே எடுத்துக்கொள்ளுங்களேன். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்பார் பாட்டி. வள்ளுவரோ ஐம்புலன் அடக்கத்துக்கு அதைத்தான் உவமை காட்டினார். முயல் ஆமைக் கதையில் ஜெயித்தது எது? நின்ற ஆமை இல்லை, நடந்த ஆமை! 'நிற்காதே, டாக்டரிடம் நட' என்றுகூட அந்தச் சீட்டுக்கு அர்த்தம் சொல்லியிருக்கலாம். அம்மா அதைக் கேட்கவில்லை. ஏன் தெரியுமா? அவருக்குப் பயம். போகாமல் இருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆமை அதைக் கொடுத்தது.

தாத்தா பார்க்காத பட்சி

'சித்த வைத்தியர் இதைச் சொல்லலாமா? உங்களிடமே பஞ்சபட்சி இருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பட்சி; ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்து தொழில். ஒரு ஜாமம் என்பது 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். என் தாத்தா பற்பம் புடம் போட ஆரம்பிக்கும்போது பட்சி பார்ப்பார். ஆனால் வாசலில் யாராவது 'ஐயா, பாம்பு கடிச்சிருச்சு' என்று கதறினால் ஏட்டைத் தொட மாட்டார். "சாவு வாசல்ல நிக்கும்போது என்னடா பட்சி?" என்பார். (இன்று பாம்புக் கடிக்கு விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் உடனே ஓட வேண்டும். அதிலும் சந்தேகம் வேண்டாம்.)

கல்லூரியில் படித்ததை எல்லாம்விட எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது.

அப்போ சீட்டே வேண்டாமா?

அப்படியும் சொல்ல மாட்டேன். சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். சீட்டு உதவுமானால், இதில் மொழிக்கு மட்டும் உதவும். வாயே திறக்காத பிள்ளை மான் படத்தைப் பார்த்து, 'பயந்து ஓடுது' என்று சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். இன்னொரு பிள்ளை, 'துள்ளி விளையாடுது' என்பான். மான் ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு. மற்ற ஏழும் உடம்பைப் பார்த்துத்தான் தெரியும்.

வீட்டில் சீட்டு இருந்தால் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. 'என் மனசை எது அரிக்குது?' என்று கேட்கலாம். 'இது என்ன நோய்? டாக்டரிடம் போகலாமா?' என்று கேட்கவே கூடாது.

2. புத்தகத்தைப் பிறகு திறங்கள். படத்தைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது என்பதை முதலில் சொல்லுங்கள்.

3. நல்ல சீட்டு வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கத் தோன்றினால், அது கவலையின் அறிகுறி. கட்டை மூடி வையுங்கள். தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் பேசுங்கள்.

4. மரணச் சீட்டு என்று ஒன்று உண்டு. 'ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது' என்றுதான் அவர்களே பலன் சொல்வார்கள். ஆனால் நோயாளியின் காதில் அது விழாது. நோயாளிக்கும் குழந்தைகளுக்கும் எடுத்துக் காட்டாதீர்கள்.

5. சித்த மருந்தோ, ஆங்கில மருந்தோ, சீட்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், மார்பில் கட்டி தென்பட்டாலும், 3 வாரம் ஆகியும் வாய்ப்புண் ஆறாவிட்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுவது என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம்.

சரி, அந்த அம்மா? நான் லேகியம் கொடுக்கவில்லை. அன்றே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். இப்படி ரத்தம் படுவது பெரும்பாலும் சாதாரணக் காரணத்தால்தான். ஆனால் சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். ஸ்கேன் எடுத்து, உள்சவ்வில் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். நல்ல வேளை, கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. ஆபரேஷன் முடிந்து இப்போது நடமாடுகிறார், தவறாமல் செக்கப்புக்குப் போகிறார்.

சில மாதம் கழித்து மகள் தனியாக வந்தாள். "அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டுடட்டுமா டாக்டர்?" என்றாள்.

"உன் இஷ்டம்மா. ஆனா அடுத்த தடவை அம்மா 'ஒரு சீட்டு எடு'ன்னு கேட்டா, எடுக்காதே. பக்கத்துல உட்கார்ந்து, 'ஏம்மா, பயமா இருக்கா?'ன்னு கேளு."