போதுமான தூரம் என்பது எத்தனை மீட்டர்?

30 செ.மீ. நீளமுள்ள அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பன் அதன் மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே, சுழி குறித்திருக்கும் இடத்தில், உங்கள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அளவுகோலைத் தொடாமல் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் சொல்லாமல் கொள்ளாமல் அதை விட்டுவிட வேண்டும். நீங்கள் சட்டென்று பிடிக்க வேண்டும். விரல்கள் எந்த எண்ணில் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள்.

இச்சோதனையை ஆண்டுதோறும் என் வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. பெரும்பாலான மாணவர்கள் 15-க்கும் 20-க்கும் இடையில் பிடிப்பார்கள். தடையின்றி விழும் பொருள் 20 செ.மீ. தூரம் விழ எடுத்துக்கொள்ளும் நேரம் 0.2 விநாடி. (தூரத்தை இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். தூரத்தை மீட்டரில் போட மறந்துவிடாதீர்கள்.) கண் பார்த்ததை மூளை உணர்ந்து, விரலுக்குக் கட்டளை அனுப்பி, விரல் மூடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. இதுவே எதிர்வினை நேரம்.

"எனக்கு அவ்வளவு நேரம் ஆகாது, சார்" என்று ஒரு மாணவர் எப்போதும் எழுந்து நிற்பார். அவருக்காகவே ஒரு பத்து ரூபாய் நோட்டு வைத்திருக்கிறேன். நோட்டின் நடுப்பகுதிக்கு நேராக அவர் விரல்களை வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்டால் நோட்டு அவருக்கே. நடுவிலிருந்து மேல்முனை வரை உள்ள 6 செ.மீ. விழ 0.11 விநாடிதான் ஆகும். எதிர்வினை நேரமோ அதைவிட அதிகம். இதுவரை அந்த நோட்டு என்னிடமேதான் இருக்கிறது.

இப்போது சாலைக்கு வருவோம். அளவுகோல் விழப்போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். விரலும் அருகிலேயே காத்திருக்கிறது. கார் ஓட்டுபவரின் நிலை அப்படியன்று. முன்னால் போகும் வண்டி நிற்கப்போகிறது என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அது நிற்கிறது என்று முதலில் அவர் நம்ப வேண்டும்! பிறகு வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து தூக்கி, பிரேக்கின் மேல் வைத்து, அழுத்த வேண்டும். கவனமாக ஓட்டுபவருக்கே இதற்கு ஏறத்தாழ 1.5 விநாடி பிடிக்கும். சாலை அமைக்கும் பொறியாளர்கள் இன்னும் எச்சரிக்கையானவர்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் நெறிகளில் இதை 2.5 விநாடி என்றே வைத்துக் கணக்கிடுகிறார்கள். 60 கி.மீ. வேகத்துக்கென்று அமைக்கப்படும் சாலையில், ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் குறைந்தது 80 மீட்டர் பாதை தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

மணிக்கு 60 கி.மீ. என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். 1.5 விநாடியில் கார் 25 மீட்டர் ஓடிவிடும். இந்த 25 மீட்டரும் பிரேக்கே பிடிக்காமல் ஓடிய தூரம்! அதன் பிறகுதான் டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு வேலை செய்யத் தொடங்குகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். காரின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் குறையும். அது முழுதும் நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். மழை பெய்து குணகம் 0.4 ஆகிவிட்டால் 35 மீட்டர் வேண்டும். வண்டியின் எடை இக்கணக்கில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் உராய்வு விசையும் கூடுகிறது, நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடுகிறது, இரண்டும் கழிந்துவிடுகின்றன.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1989-இல் சாலை விதிமுறைகள் வெளியாயின. அவற்றில் 23-ஆவது விதியும் 24-ஆவது விதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன் வண்டி திடீரென வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமல் இருக்கப் போதுமான தூரம் விட்டுப் பின் வண்டி வர வேண்டும் என்பது 23. பாதுகாப்புக்கு அவசியமானால் ஒழிய எந்த ஓட்டுநரும் திடீரென பிரேக் போடக்கூடாது என்பது 24. முன்னது பின்னால் வருபவருக்கு. பின்னது முன்னால் போகிறவருக்கு. 2017-இல் புதிய விதிமுறைகள் இவற்றின் இடத்துக்கு வந்தன. ஆனால் இடைவெளி விட வேண்டிய கடமை மாறவில்லை.

"போதுமான தூரம்" என்கிறதே அந்த 23-ஆவது விதி, எத்தனை மீட்டர் என்று ஏன் சொல்லவில்லை? சொல்ல முடியாது. வேகத்துக்கு வேகம், வண்டிக்கு வண்டி, வெயிலுக்கும் மழைக்கும் அது மாறும். சட்டம் எழுதியவர்கள் எண்ணை நம்மிடம் விட்டுவிட்டார்கள். ஆனால் விபத்து நடந்த பிறகு நீதிமன்றம் அந்த எண்ணைத்தான் கேட்கிறது.

2018-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று. லாரியின் பின்னால் ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. லாரி திடீரென பிரேக் போட்டது. கார் அதன் பின்புறத்தில் மோதியது. இரண்டுக்கும் இடையில் இருந்த தூரம் 10 முதல் 15 அடி என்று சாட்சியத்தில் வந்தது. 23-ஆவது விதியை எடுத்துக்காட்டிய நீதிமன்றம், போதிய இடைவெளி விடாத காரோட்டியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்ற முடிவை உறுதி செய்தது.

15 அடி என்பது சுமார் 4.5 மீட்டர். அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த வழக்கில் வண்டிகளின் வேகம் எதுவாயினும் இருக்கட்டும். நம் கணக்கில் இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் போகின்றன, முன் வண்டி முழு பலத்தோடு பிரேக் பிடிக்கிறது என்று கொள்வோம். பின் வண்டியிலிருந்து பார்த்தால், முன் வண்டி விநாடிக்கு விநாடி 7 என்ற முடுக்கத்துடன் நம்மை நோக்கி வருவது போலிருக்கும். 4.5 மீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் 1.13 விநாடி. நம் எதிர்வினை நேரமோ 1.5 விநாடி. பிரேக்கைக் கால் தொடும் முன்பே மோதல் முடிந்துவிட்டது! அப்போது இரு வண்டிகளுக்கும் இடையே உள்ள சார்பு வேகம் விநாடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கி.மீ. சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம்.

இக்கணக்கில் வண்டிகள் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தன என்பதே வரவில்லை, பார்த்தீர்களா? 40-இல் போனாலும் 90-இல் போனாலும் 15 அடியில் அதே மோதல்தான். "நான் மெதுவாகத்தான் வந்தேன்" என்று சொல்வது இங்கே உதவாது. (வேகம் 29-க்கும் கீழே இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.)

அப்படியானால் பின்னால் இடிப்பவர் மேல்தான் எப்போதும் தவறா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியன்று. 24-ஆவது விதியின் கருத்து நீதிமன்றத்தில் வலுவாக வெளிப்பட்ட வழக்கு நம் கோயம்புத்தூரில் தொடங்கியது. 2017 ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் சென்ற கார் நெடுஞ்சாலையில் திடீரென நின்றது. காரின் பின்புறத்தில் மோதி அவர் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவர் மேல் ஏறிவிட்டது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

கார் ஓட்டியவர் ஏன் நிறுத்தினார்? உடன் வந்த அவர் மனைவி கர்ப்பிணி. அவருக்கு வாந்தி வருவது போலிருந்ததாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காரோட்டியின் மேல் பொறுப்பு எதையும் வைக்கவில்லை. உயர் நீதிமன்றம் அவர் பங்கை 40 சதவீதம் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை 50 ஆக உயர்த்தியது. வேகமாகச் செல்லும் சாலையில் நிறுத்த விரும்புகிறவர் பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டி எச்சரித்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பேருந்து ஓட்டுநரின் பங்கு 30 சதவீதம். மாணவரின் பங்கு 20 சதவீதம். போதிய இடைவெளி விடாததும், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாததும் அவர் தரப்புத் தவறுகள்.

இந்த 20 சதவீதம் வெறும் எண் அன்று. இழப்பீடு மொத்தம் ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 23 லட்சம், அதிலிருந்து கழிக்கப்பட்டது. மீதியைத்தான் கார், பேருந்து இரண்டின் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுக்க வேண்டும். கால் இழந்தவருக்கும் தன் பங்குத் தவறு உண்டென்றால் சட்டம் அதைக் கணக்கில் சேர்க்கிறது. எனக்கு இது கடுமையாகவே படுகிறது; ஆனால் இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு தவறு என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி எண்ணைக் கண்டுபிடிப்போம். இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில் போய், ஒரே அளவு பலமாக பிரேக் பிடித்தால், நிற்பதற்கான 20 மீட்டர் இருவருக்கும் பொது, அது கழிந்துவிடும். மிஞ்சுவது எதிர்வினைத் தூரமான 25 மீட்டர். ஆனால் எல்லா வண்டிகளும் ஒரே அளவில் நிற்பதில்லை. முன்னால் போவது கார், பின்னால் வருவது மோட்டார் சைக்கிள் என்று வையுங்கள். மோட்டார் சைக்கிளை முழு பலத்தோடு நிறுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும் என்ற பயத்தில், விநாடிக்கு விநாடி 5 அளவுக்கே அதை ஓட்டுபவர் வேகத்தைக் குறைக்கிறார் என்போம். அவர் நிற்க 28 மீட்டர் வேண்டும். காரைவிட 8 மீட்டர் அதிகம். 25-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 33 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் இது சரியாக இரண்டு விநாடிப் பயணம்!

பல நாடுகளில் ஓட்டுநர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு விநாடி விதி இதுதான். மீட்டரைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். விநாடியை எண்ணுவது எளிது. முன் வண்டி ஒரு மைல்கல்லையோ புளியமரத்தையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லத் தொடங்குங்கள். சொல்லி முடிக்கும் முன் நாம் அந்த மரத்தைத் தாண்டிவிட்டால் இடைவெளி போதவில்லை. வேகம் கூடினால் இரண்டு விநாடியில் அடங்கும் தூரமும் தானே கூடிவிடுகிறது. மழைக்காலத்தில் நான்கு விநாடி விடச் சொல்வார்கள். ஏனெனில் முன் வண்டி எப்போதும் பிரேக் பிடித்துத்தான் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதுவே எதிலாவது மோதி, இருந்த இடத்திலேயே நின்றுவிடலாம். அப்போது அந்த 20 மீட்டர் கழியாது. ஈரச் சாலையில் 35 மீட்டரும் முழுதாகத் தேவைப்படும்.

பின்னால் வருகிறவரின் எதிர்வினை நேரம் தொடங்குவது முன் வண்டியின் பிரேக் விளக்கு எரியும் கணத்தில். பழைய குமிழ் விளக்கில் இழை சூடேறி ஒளிர வேண்டும், எல்.ஈ.டி. விளக்கு அதைவிட ஏறத்தாழ 0.2 விநாடி முந்தி எரிந்துவிடும். நம் அளவுகோல் சோதனையில் வந்த அதே 0.2 விநாடி! 60 கி.மீ. வேகத்தில் அது 3.3 மீட்டர். விளக்கே எரியாவிட்டால்? பின்னால் வருகிறவர் முன் வண்டி பெரிதாகத் தெரிவதைக் கண்டுதான் அது நிற்கிறது என்று உணர வேண்டும். அப்பாவின் ஸ்கூட்டரில் பிரேக்கை அழுத்திவிட்டு, பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இன்று மாலையே பாருங்கள். தெருவில் நின்று எண்ணினால் எத்தனை வண்டிகளில் அது எரியவில்லை என்பது தெரியும்.

அடுத்த முறை பேருந்தில் முன் இருக்கை கிடைத்தால், முன்னால் போகும் லாரி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். வேகமுள்ளின் எண்ணையும் குறித்துக்கொண்டால் இடைவெளி எத்தனை மீட்டர் என்று வீட்டுக்கு வந்து கணக்கிடலாம். ஓட்டுநரிடம் மட்டும் அப்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம், அவருடைய 1.5 விநாடி 2 ஆகிவிடும்.