கடனை அடைத்தால் தீருமா?

டீ வரட்டும், உட்காருங்கள். ஒரு மடக்கில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு பையன் ஆன்லைன் ரம்மியில் வாரக்கூலியைத் தொலைக்கிறான், கடனும் வாங்குகிறான் என்று வையுங்கள். தெரிந்ததும் வீட்டில் என்ன செய்வார்கள்? அம்மாவின் நகையை அடகு வைத்துக் கடனை அடைப்பார்கள். "இனிமே தொடமாட்டேன்"னு கோயிலில் சத்தியம் வாங்குவார்கள். சில மாதத்தில் மறுபடியும் கடன்காரர் வாசலில் நிற்பார். பையன் சத்தியம் செய்தது மனதாரத்தான். பிடி வேறு இடத்தில் இருக்கிறது.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் மூளையை இறுக்கிப் பிடிக்கும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகியது விடாமல் கொத்தும். ஒரே ஒரு சீட்டில் தோற்றவன் தோற்றதாகவே நினைப்பதில்லை, "இன்னும் ஒரு கை" என்கிறான். மயிரிழையில் தவறிய ஆட்டமும் வெற்றிக்குத் துடிக்கும் அதே மூளைப் பகுதிகளைத் தூண்டுவதை 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஸ்கேனில் பார்த்தார்கள்.

அடுத்து வருவது "விட்டதைப் பிடிக்கணும்". என்னைக் கேட்டால், நோய் முற்றியதற்கு இந்தப் பேச்சே அடையாளம். ஊடை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும் அல்லவா? அந்த நிறுத்தம்தான் இவனுக்குள் பழுதாகியிருக்கிறது. அந்தப் பழுதை மருந்தும் உண்டாக்கலாம்: பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகளைச் சாப்பிட்டு, அதுவரை சீட்டைத் தொடாத பெரியவர்கள்கூடச் சூதில் விழுந்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்ததும் பலர் மீண்டார்கள். இதைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது? 2013இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்தச் சூதாட்ட நோயைக் குடி, போதையோடு ஒரே வகையில் சேர்த்துவிட்டது.

சட்டமும் வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு விதித்தது. நைட் ஷிப்ட் ஓடும் ஊருக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் முழுவதையும் மத்தியச் சட்டம் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் லாட்டரியை 2003இல் தடை செய்த பிறகும் மூணு நம்பர் சீட்டு திருட்டுத்தனமாக விற்றதை நாம் பார்த்தோமே.

ஆகவே சிகிச்சை வேண்டும். முதன்மையானது பேச்சு சிகிச்சை. ஆசை எப்போது கிளம்புகிறது — கூலி கைக்கு வந்த சனிக்கிழமையா, வீட்டில் சண்டை போட்ட ராத்திரியா — என்று கூடவே உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள். "அடுத்த கை எனக்குத்தான்" என்ற எண்ணத்தை எடுத்து உடைத்துக் காட்டுவார்கள். ஆசையைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடப் பழக்குவார்கள், தள்ளிப்போட்டால் தணியும். சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் மாத்திரை உதவுகிறது. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் மருந்து உண்டு.

வீட்டார் வேலை பணத்தில். அவன் சம்மதத்தோடு கூலி மனைவி கணக்குக்குப் போகட்டும். போனில் ஜிபே வேண்டாம். கடன் பட்டியலை மறைக்காமல் எழுதட்டும். மொத்தமாக நீங்கள் அடைக்காதீர்கள், தவணையாக அவனே கட்டட்டும்.

"செத்துப்போறேன்" என்று சொன்னால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவி எண் 14416க்கு இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.