கடைசி நூறு ஜிபி

சென்ற வாரம் கேமராவுக்குள் போகும் மெமரி கார்டுகளைப் பார்த்தோம். இந்த வாரம், கார்டில் இருப்பதை இறக்கிவைக்கும் எஸ்எஸ்டி. இதைக் கொல்லிமலையை வைத்துச் சொல்வதுதான் பொருத்தம். பகல் முழுக்கப் படம் பிடித்து, ராத்திரிக்குள் காப்பி போட்டு, விடிந்ததும் காலிக் கார்டுகளோடு கிளம்ப வேண்டிய கட்டாயம் அந்த மலையில் ஆடி மாதம் வந்தால் எல்லாப் படப்பிடிப்புக் குழுவுக்கும் உண்டு.

ஆடி 17, 18 இரண்டு நாளும் வல்வில் ஓரி விழா. ஆடிப்பெருக்குக் கூட்டம் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் ஆகாய கங்கையிலும் நிரம்பி வழியும். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா ஐந்தைந்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி ஆகிறது. ட்ரோன், ஒலிப்பதிவு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 500 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம்.

விழா அடுத்த ஆண்டும் வரும். திரும்பக் கிடைக்காதவை வேறு. மரவள்ளி வந்த பிறகு சாமையும் தினையும் பனிவரகும் இந்த மலையின் வயல்களில் எவ்வளவோ சுருங்கிவிட்டன. அவற்றை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்துவருகிறது. எந்த மண்ணுக்கு எந்த விதை, எந்த மாதம் விதைப்பு என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மலையாளிப் பழங்குடிப் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மனமிறங்கிப் பேசிய ஒரு மணி நேரம் தொலைந்துபோனால் எந்தக் காசைக் கொடுத்தும் திரும்பப் பெற முடியாது. எஸ்எஸ்டி வாங்கும்போது நான் நினைத்துக்கொள்வது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

செம்மேட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் லேப்டாப் திரையைக் காட்டிக் கேட்டார்: “அண்ணா, டப்பாவுல நொடிக்கு 1050 எம்பினு போட்டிருக்கு. மொதல்ல பறந்துச்சு. இப்ப பாருங்க, 80லயே நிக்குது. டிஸ்க்கு போயிடுச்சா?” விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடம் முதல் கால்வாசிக்கு உயரமாக ஓடி, பிறகு செங்குத்தாக விழுந்து, தரையை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை. அந்த வகை டிஸ்க்கின் குணமே அதுதான்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நினைவுச் செல் ஒவ்வொன்றிலும் எத்தனை பிட் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது சங்கதி. டிஎல்சி வகையில் மூன்று பிட், க்யூஎல்சி வகையில் நான்கு. பிட் கூடக்கூட விலை இறங்கும், எழுதும் வேகமும் இறங்கும். இதைச் சமாளிக்க டிஸ்க் ஒரு தந்திரம் செய்கிறது. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை எடுத்து, ஒரே ஒரு பிட் வீதம் மளமளவென்று எழுதித் தள்ளும். பிறகு ஓய்வு கிடைக்கும்போது அவற்றை நெருக்கி அடுக்கும். அறுவடை நாளில் மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு, சாவகாசமாக உள்ளே கொண்டுபோய் அடுக்குவதைப் போல. திண்ணை நிறைந்துவிட்டால் அடுத்த வண்டி தெருவில் நிற்க வேண்டியதுதான். பல டிஸ்க்குகளில் இந்தத் திண்ணையின் அளவு, டிஸ்க்கில் மிச்சம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பாதிக்கு மேல் நிரம்பிய டிஸ்க் சீக்கிரமே மூச்சு வாங்குவது இதனால்தான்.

டப்பாவில் அச்சிட்ட வேகம் திண்ணை காலியாக இருக்கும்போது அளந்தது. கல்லூரி புராஜெக்ட் கொண்டுபோகிறவருக்கு அதுவே தாராளம். 500 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டுகிறவர் பார்க்க வேண்டியது கடைசி நூறு ஜிபி எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதை. நொடிக்கு 1000 எம்பி வேகம் கடைசிவரை நின்றால் 500 ஜிபிக்கு எட்டரை நிமிடம் போதும். 400இல் நின்றால் 21 நிமிடம். 80க்கு விழுந்துவிட்டால் ஒன்றேமுக்கால் மணி நேரத்தையும் நெருங்கும். அப்படியானால் பழைய ஹார்டு டிஸ்க்கே தேவலை, அது 120 வேகத்தில் ஒரே சீராகப் போகும்.

ஒரே பெயரில்கூட இரண்டு குணம் உண்டு. குரூஷியல் எக்ஸ்9, எக்ஸ்9 புரோ இரண்டிலும் 1050 என்றுதான் போட்டிருக்கும். முன்னது க்யூஎல்சி, பின்னது டிஎல்சி. கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. டிஎல்சியா என்று தேடித் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே 500 ஜிபிக்குக் குறையாமல் ஒரே தடவையில் ஏற்றிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், விளம்பரங்கள் இதைச் சொல்வதேயில்லை. சாதாரண யுஎச்எஸ்-1 எஸ்டி கார்டு நொடிக்கு 90, 100 எம்பிக்கு மேல் தராது. அந்தக் கார்டிலிருந்து நேராகக் காப்பி போடுகிறவருக்கு 2000 வேக டிஸ்க்கால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. யுஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் இருந்தால் 250ஐத் தாண்டலாம், சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்றால் இன்னும் பல மடங்கு. வேகமான எஸ்எஸ்டியின் அருமை தெரிவது அதற்கப்புறம்தான்: ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டாம் காப்பி போடும்போது, காப்பி சரியாக விழுந்ததா என்று சரிபார்க்கும்போது, டிஸ்க்கிலிருந்தே நேரடியாக எடிட் செய்யும்போது. பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல கார்டு ரீடர் வாங்குங்கள்.

கேபிளும் அப்படித்தான். டைப்-சி முனை இருப்பதெல்லாம் வேகமான கேபிள் ஆகிவிடாது. போன் சார்ஜரோடு வரும் கேபிளில் பல யுஎஸ்பி 2.0 தரம்தான், நொடிக்கு 40 எம்பி வந்தாலே பெரிது. அதில் மாட்டினால் 500 ஜிபிக்கு மூன்றரை மணி நேரம். டிஸ்க்கோடு வந்த கேபிளில் ஒரு சிவப்பு டேப் ஒட்டி, வேறு எதற்கும் எடுக்காதீர்கள். லேப்டாப்பின் போர்ட்டும் 10 ஜிகாபிட் தரமாக இருந்தால்தான் 1000 வேகம் வரும். 2000 என்று விற்கும் டிஸ்க்குகள் பலவற்றுக்கு 20 ஜிகாபிட் போர்ட் தேவை, நம்மூரில் புழங்கும் லேப்டாப்புகளில் அது அபூர்வம்.

மலைக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கை ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் ஒரு குலுக்கலில் எல்லாம் போய்விடும். எஸ்எஸ்டிக்குள் சுழலும் பாகம் இல்லாததால் அந்தப் பயம் இல்லை. ஆனால் டைப்-சி முனை ஆடும், ஒரு வளைவில் தொடர்பு விட்டு மறுபடி ஒட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் கோப்பு பாதியில் நிற்கும். எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் கோப்புப் பட்டியலே குழம்பிப்போகவும் வாய்ப்பு உண்டு. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத எக்ஸ்ஃபேட்தான் வசதி என்பதால் பலரும் அதையே வைத்திருக்கிறோம். ஆகவே வண்டியில் காப்பி வேண்டாம், எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கவும் வேண்டாம். மழை பிடித்துக் கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரிதான் கதி. காப்பி ஓடும்போது அது தூங்கப் போகாதபடி ஸ்லீப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைக் கம்பளியின் மேல் வைத்து எழுதவிடாதீர்கள், சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெறும் தரை போதும்.

தரமான கம்பெனி என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதை 2023 காட்டியது. சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ வகை டிஸ்க்குகளில் கோப்புகள் திடீரென்று காணாமல் போவதாகப் பல நாடுகளின் வீடியோக்காரர்களும் புகார் சொன்னார்கள். அப்போது தாய் நிறுவனமாக இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது, அமெரிக்காவில் வழக்குகளும் தொடரப்பட்டன. மறுபக்கம், 16 டிபி என்று ஆயிரம் இரண்டாயிரத்துக்கு இணையத்தில் விற்கும் போலிகள். பிரித்தால் உள்ளே ஒரு சின்ன மைக்ரோஎஸ்டி கார்டு இருக்கும், ஃபர்ம்வேர் மட்டும் 16 டிபி என்று பொய் சொல்லும். கார்டு நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றோடு போகும், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிஸ்க் முழுக்க எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

அதனால் 4 டிபி ஒன்றை வாங்குவதைவிட 2 டிபி இரண்டு வாங்குவதே என் தேர்வு, ஒரே கம்பெனியாக இல்லாமல். கார்டிலிருந்து இரண்டுக்கும் தனித்தனியாகக் காப்பி. வெறும் இழுத்துப் போடுவதற்குப் பதில், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருளில் செய்யுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே குளோன் டூல் இருக்கிறது, விண்டோஸில் டெராகாப்பி உண்டு. ஒப்பீடு முடிந்ததாகத் திரையில் வரும்வரை எந்தக் கார்டையும் அழிப்பதில்லை. மலை இறங்கும்போது ஒரு டிஸ்க் ஒளிப்பதிவாளர் பையில், மற்றது வேறு வண்டியில்.

ஊர் வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் பெரிய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். மின்சாரம் படாமல் பீரோவில் வருடக்கணக்கில் கிடந்தால் எஸ்எஸ்டியின் செல்களில் இருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும், அதிகம் எழுதித் தேய்ந்த டிஸ்க்கில் இன்னும் வேகமாக. எத்தனை டிபி ஹார்டு டிஸ்க், வருடத்துக்கு எத்தனை முறை எடுத்து ஓட்டிப் பார்ப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)