தரிசு உளுந்தும் நம் வீட்டு இட்லியும்

இட்லிக்கு நாம் ஊறப்போடும் உளுந்து, காவிரிப் படுகையில் தனி உழவு கேட்காத பயிர். தை மாதம் சம்பா, தாளடி அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நெல் நிற்கும் ஈர வயலில் விதையைத் தூவிவிடுவார்கள். அப்புறம் மிச்ச ஈரமும் பனியுமே போதும். 65-75 நாளில் காய் முற்றிவிடும்.

அரிசியில் லைசின் என்னும் புரதக்கூறு குறைவு. உளுந்தில் அது நிறைவு. இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஆகாரம். புலால் உண்ணாத எங்கள் சமணக் குடும்பங்களுக்குப் பருப்புதான் பலம்.

இப்போது அறுவடை இயந்திரம் இறங்கினால் இளஞ்செடி சக்கரத்தில் நசுங்குகிறது. கையால் அறுக்கவோ ஆள் கிடைப்பதில்லை. அதனால் பலர் விதைப்பையே விட்டுவிட்டார்கள். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் அரிசிக்கு விலையில்லை. உளுந்தையோ காசு கொடுத்துத்தான் வாங்கணும். வயிறு நிறையும், சத்து குறையும். ஊருக்குப் போகிறவர்கள் அறுப்பு முடிந்த வயலில் பச்சை தெரிகிறதா என்று பார்த்து வாருங்கள்.