நின்றுகொண்டு சாப்பிடுவது கணக்கில் வராதா?

இரவு ஒன்பதே முக்கால். விருதுநகரில் அக்கா வீட்டு அடுப்படி. பிள்ளைகள் பாதியில் விட்டுப்போன தோசை, அத்தான் தட்டில் மிஞ்சிய பொரியல், சட்டியின் அடியில் ஒரு கரண்டி தயிர்ச்சாதம். மேடையில் சாய்ந்து நின்றபடியே அத்தனையையும் முடித்தாள். "கொட்டவா முடியும்?" என்றவள், பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ராத்திரி ரெண்டு இட்லிதான்டி சாப்பிடுறேன். வெயிட்டு ஏன் குறைய மாட்டேங்குது?"

அவள் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டது இரண்டு இட்லிதான். நின்றுகொண்டு தின்றதை அவள் சாப்பாடாக நினைத்ததே இல்லை.

எடை குறைக்காதவளும் அல்ல. மகள் சடங்குக்கு முன்னால் சோற்றையே விட்டு எட்டு கிலோ குறைத்தாள். ஒன்றரை வருஷத்தில் அவ்வளவும் திரும்பிவிட்டது. ‘வாயைக் கட்டத் தெரியலை’ என்று வீட்டில் பேசினார்கள். அநியாயமான பேச்சு. கடும் டயட்டில் எடை குறைந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஓராண்டு கழித்தும் தணியவில்லை என்று 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. அமெரிக்காவில், எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்த சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது.

அப்படியானால் குறைத்ததைக் காப்பாற்றியவர்கள் யார்? அதே அமெரிக்காவில் 1994 முதல் அவர்களைப் பதிவு செய்துவருகிறார்கள். பெரும்பாலோர் காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், அதில் நடைதான் அதிகம். இதில் எதற்கும் காசு வேண்டியதில்லை.

நம் வீட்டில் கை வைக்க வேண்டிய முதல் இடம் டீ டம்ளர். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சுமார் 10 கிராம். நாலு டீ குடித்தால் 40. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு முரண்டு பிடிப்பதில்லை.

ஜிம்முக்குப் போய் ஜெயித்தவர்கள் உண்டு. எடை குறைக்க டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்தால் போட்டுக்கொள்ள வேண்டியவர்களும் உண்டு.

ஆனால் எனக்கு உறுத்துவது தட்டிலும் சட்டியிலும் மிஞ்சும் இந்த மிச்சம்தான். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள். எல்லோரும் எழுந்த பிறகு, பத்து மணிக்கு, தட்டுகூட வைக்காமல். எவ்வளவு உள்ளே போனது என்று அவர்களுக்கே தெரியாது. உணவை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்துக்கு ஏன் ஒருத்தியின் இடுப்பு மட்டும் விலை கொடுக்க வேண்டும்? பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சர்க்கரை நோய் குறித்துக் கவனம் வேண்டும் என்பது நம் நாட்டுக்கான அளவு. அக்காவுக்கு 94.

டயட் சார்ட் எதுவும் நான் எழுதித் தரவில்லை. பரிமாறும் கரண்டியைச் சின்னதாக மாற்றினோம். பிள்ளைகளுக்கு முதலில் அரைத் தோசை, பசித்தால் மறுபடி. சட்டியில் மிஞ்சினால் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்கு. எட்டு மணிக்கு அவளும் தட்டு வைத்து எல்லோரோடும் உட்கார வேண்டும். முதல் வாரம் தோசைக்கல்லை விட்டு வர அவளுக்கு மனசே வரவில்லை. மொத்தமாகச் சுட்டு ஹாட்பாக்ஸில் வைக்கப் பழகினாள்.

போன வாரம் போனில் சொன்னாள்: "நாலு மாசத்துல மூணு கிலோதான்டி. ஆனா ஏறல. உங்க அத்தான் இப்ப அவர் தட்ட அவரே கழுவுறாரு."