ஏறியது 9 ஆண்டு, இறங்கியது 9 மாதம்!
லூட்டன் கால்பந்து கிளப்பின் கதை

ஏணியில் ஏறுவது கஷ்டமா? ஏறிய படியில் நிற்பது கஷ்டமா?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து நாட்டில் உள்ள ஒரு தொழிலாளர் ஊர் பதில் சொல்லி இருக்கிறது. அந்த ஊரின் பெயர், லூட்டன். லண்டன் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு வைக்கோல் தொப்பி பின்னினார்கள். இங்கிலாந்து முழுவதும் லூட்டன் தொப்பிக்குப் பெயர். அதனால் அந்த ஊர் கால்பந்து கோஷ்டிக்கு "தொப்பிக்காரர்கள்" என்று பட்டப்பெயர் வந்தது. 1905-ம் ஆண்டு அங்கே வாக்ஸ்ஹால் மோட்டார் தொழிற்சாலை ஏற்பட்டது. 120 ஆண்டுகள் ஊருக்குச் சோறு போட்ட அந்தத் தொழிற்சாலை, 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் மூடப்பட்டது.

கால்பந்து கிளப் அதைவிட மூத்தது. 1885-ம் ஆண்டு தொடங்கியது. பெயர், "லூட்டன் டவுன்".

படிப்படியாக...

இங்கிலாந்து கால்பந்து ஒரு ஏணி மாதிரி.

உச்சிப்படி, பிரீமியர் லீக். அதில் 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், முதல் லீக், இரண்டாம் லீக் என்று 3 படிகள். ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள். அதற்கும் கீழே, ஐந்தாவது படியில், சிறிய ஊர் கிளப்புகள் ஆடுகின்றன.

ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை. ஆண்டு முடிவில் முன்னால் நிற்பவர்கள் ஒரு படி மேலே போவார்கள். பின்தங்கியவர்கள் ஒரு படி கீழே இறங்குவார்கள். பிரீமியர் லீக்கில் கடைசி 3 இடம் பிடித்தவர்கள் இறங்க வேண்டும். பணக்காரக் கிளப், ஏழைக் கிளப் என்ற பேதம் கிடையாது.

லூட்டன், 1992-ம் ஆண்டு வரை உச்சிப்படியில் இருந்த கிளப்தான். அந்த ஆண்டு கடைசி ஆட்டத்தில் தோற்றுக் கீழே இறங்கியது. அடுத்த சில மாதங்களில் அந்தப் படிக்கு "பிரீமியர் லீக்" என்று புதுப்பெயர் சூட்டினார்கள். டெலிவிஷன் பணம் கொட்டத் தொடங்கியது. லூட்டன் அதைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு நின்றது.

கடன் செய்த கோலம்

அதன் பிறகு வந்தது பெரிய சோதனை.

கிளப்பில் வரவு குறைந்தது. கடன் ஏறியது. 1999, 2003, 2007 ஆகிய 3 ஆண்டுகளிலும் கடனைத் தீர்க்க முடியாமல், கிளப்பின் நிர்வாகம் வெளியார் கைக்குப் போனது. 2007, 2008, 2009 என்று வரிசையாக 3 ஆண்டுகள் லூட்டன் ஒவ்வொரு படியாக விழுந்தது.

மூன்றாவது வீழ்ச்சிதான் கொடுமை. கடன் விவகாரத்துக்காகவும், ஏஜெண்டுகளுக்கு முறை தவறிப் பணம் கொடுத்ததற்காகவும், 2008-09 பருவம் தொடங்கும்போதே 30 புள்ளிகளைப் பறித்துவிட்டார்கள். பத்து ஆட்டம் ஜெயித்தால்தான் பூஜ்யத்துக்கே வர முடியும்!

தவறு செய்தவர்கள் பழைய நிர்வாகிகள். தண்டனை அனுபவித்தவர்கள், சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடிய பிள்ளைகள்.

லூட்டன் ஐந்தாவது படிக்குப் போய் விழுந்தது. அங்கே 5 ஆண்டுகள் கிடந்தது.

ரசிகர்கள் கையில் கிளப்

இந்த நிலையில், 2008-ம் ஆண்டிலேயே, லூட்டன் ரசிகர்கள் சிலர் சேர்ந்து கிளப்பை வாங்கி இருந்தார்கள். "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்பது அவர்கள் கொள்கை. வரவு எவ்வளவோ, அதற்குள்தான் செலவு. கிளப்பின் பெயரையோ, நிறத்தையோ, சின்னத்தையோ மாற்ற வேண்டுமானால், ரசிகர் சங்கம் சம்மதிக்க வேண்டும் என்றும் பின்னால் ஏற்பாடு செய்தார்கள்.

மெதுவாகப் பலன் கிடைத்தது. 2014-ல் ஒரு படி. 2018-ல் ஒரு படி. 2019-ல் ஒரு படி.

2023-ம் ஆண்டு மே 27-ந் தேதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில் கடைசிப் படிக்கான போட்டி. எதிரி, கவென்ட்ரி கோஷ்டி. ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. பெனால்டி அடியில் லூட்டன் 6-5 என்று வென்றது. அந்த ஒரு வெற்றியின் மதிப்பு குறைந்தது 17 கோடி பவுண்டு என்று அப்போது கணக்கிட்டார்கள்.

பெல்லி ரடக் எம்பான்சு என்ற ஆட்டக்காரர், ஐந்தாவது படியில் லூட்டனுக்கு ஆடியவர். பிரீமியர் லீக்கிலும் அதே லூட்டனுக்கு ஆடினார். ஒரே கிளப்பில் இருந்துகொண்டு இப்படிக் கீழே இருந்து உச்சி வரை ஏறிய முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

கொல்லைப்புறத்தில் வாசல்!

லூட்டன் மைதானத்தின் பெயர், கெனில்வொர்த் ரோடு. 1905-ம் ஆண்டு முதல் அதுதான் அவர்கள் வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே அது இருக்கிறது. வெளியூர் ரசிகர்கள் நுழையும் வழி, அந்த வீடுகளுக்கு நடுவில் புகுந்து போகிறது. படி ஏறும்போது குனிந்து பார்த்தால், கொல்லைப்புறங்கள் தெரியும்!

மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் சுமார் 74 ஆயிரம் பேர் உட்காரலாம். லூட்டனில் சுமார் 11 ஆயிரம் பேர்தான். பிரீமியர் லீக் விதிப்படி டெலிவிஷன் வசதிகள் செய்யவும், ஒரு பக்கத்து இருக்கைகளைத் திருத்திக் கட்டவும் சுமார் 1 கோடி பவுண்டு செலவாயிற்று. வேலை முடியாததால், சொந்த ஊரில் நடக்க வேண்டிய முதல் ஆட்டத்தையே தள்ளி வைத்தார்கள்.

ஆட்டக்காரர்களை வாங்கியபோதும் கை அடக்கமாகவே இருந்தார்கள். பெயர் பெற்ற ராஸ் பார்க்லி, ஆண்ட்ரோஸ் டவுன்சென்ட் இருவரும், வேறு கிளப்புக்கு விலை கொடுக்காமல் கிடைத்தவர்கள்.

2023 ஆகஸ்டு 12-ந் தேதி முதல் ஆட்டம். பிரைட்டன் ஊரில் 4-1 என்று உதை வாங்கினார்கள். 4 ஆட்டம் தோற்ற பிறகுதான் முதல் புள்ளி கிடைத்தது. செப்டம்பர் 30-ந் தேதி, எவர்ட்டன் கோஷ்டியை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றதுதான் முதல் வெற்றி.

காப்டனின் இதயம் நின்றது

டிசம்பர் 16. போர்ன்மத் ஊரில் ஆட்டம். 1-1 என்று சமநிலை. 59-வது நிமிடம். லூட்டன் காப்டன் டாம் லாக்யர், யாரும் மோதாமலே தரையில் சாய்ந்தார்.

பயிற்சியாளர் ராப் எட்வர்ட்ஸ் மைதானத்துக்குள் ஓடினார். டாக்டர்கள் ஓடினார்கள். லாக்யரின் இதயம் நின்றுபோய் இருந்தது! அங்கேயே சிகிச்சை செய்து, இதயத்தை மறுபடி துடிக்க வைத்தார்கள். வெம்பிளியில் நடந்த போட்டியிலும் அவர் இப்படிச் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போனவர்.

ஆட்டம் நிறுத்தப்பட்டது. இரண்டு ஊர் ரசிகர்களும் அவர் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். லாக்யர் பிழைத்தார். இதயத்தைக் காக்கும் சிறு கருவியை உடலுக்குள் பொருத்தினார்கள்.

ஒரு வாரம் கழித்து, காப்டன் இல்லாத லூட்டன், நியூகாசில் கோஷ்டியை 1-0 என்று வென்றது. 3 நாள் கழித்து, ஷெபீல்டு யுனைடெட்டை 3-2 என்று வென்றது. ஜனவரி 30-ந் தேதி, முதல் நாள் உதைத்த அதே பிரைட்டனை 4-0 என்று பழிக்குப் பழி வாங்கியது. அதில் எலியா அடபாயோ மட்டும் 3 கோல். முதல் கோல், ஆட்டம் தொடங்கிய 18-வது வினாடியில்!

லூட்டன் ஆபத்தான கடைசி 3 இடங்களில் இருந்து வெளியே வந்தது. "பிழைத்துக்கொண்டோம்" என்று ஊர் நினைத்தது.

வாய்க்கு எட்டவில்லை

பிழைக்கவில்லை.

38 ஆட்டம் முடிந்தபோது லூட்டனுக்கு 6 வெற்றி, 8 சமநிலை, 24 தோல்வி. மொத்தம் 26 புள்ளி. இடம், 18. அதற்கு மேலே 17-வது இடத்தில் தப்பிய நாட்டிங்காம் பாரஸ்டுக்கு 32 புள்ளி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூலுக்கு எதிராக 1-0 என்று முன்னணி. 95-வது நிமிடம் கோல் வாங்கி 1-1. போனது 2 புள்ளி.

ஆர்சனலுடன் 3-3. 97-வது நிமிடம் டெக்லன் ரைஸ் தலையால் முட்டிக் கோல் போட்டார். போனது 1 புள்ளி.

நியூகாசில் ஊரில் 4-2 என்று முன்னணி. முடிவு 4-4. போனது 2 புள்ளி.

நிறுத்தப்பட்ட போர்ன்மத் ஆட்டத்தை மார்ச் 13-ந் தேதி திரும்ப ஆடினார்கள். இடைவேளையில் லூட்டன் 3-0 என்று முன்னணி. முடிவு, 4-3 என்று தோல்வி! போனது 3 புள்ளி.

மொத்தம் 8. இருந்த 26-உடன் சேர்த்தால் 34. நான்கே ஆட்டங்களில் பிடி விடாமல் இருந்திருந்தால், லூட்டன் தப்பி இருக்கும்.

இது வெறும் துரதிர்ஷ்டமா? இல்லை. களைத்த நேரத்தில் புதிதாக இறக்கிவிட, பணக்காரக் கிளப்பில் பெஞ்சு நிறைய பெரிய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஏழைக் கிளப்பில் இல்லை. கடைசி நிமிடத்தில் பேசுவது, பணம்!

அந்த ஆண்டு புதிதாக ஏறிய பர்ன்லி, ஷெபீல்டு யுனைடெட் கிளப்புகளும் இறங்கிவிட்டன. ஏறிய மூன்றும் ஒன்றாக இறங்கியது, 1998-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டும் அதே கதை. 2024-ல் ஏறிய லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்ப்டன் மூன்றும் 2025-ல் இறங்கின.

இரண்டு விதமான வீழ்ச்சி

லூட்டனின் துன்பம் அதோடு முடியவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரியில் எட்வர்ட்ஸ் விலகினார். மே மாதம் லூட்டன் இன்னொரு படியும் இறங்கியது. ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு வீழ்ச்சி.

"சிக்கனமாக இருந்து என்ன பலன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பழைய கதையை நினைத்துப் பாருங்கள். 2009-ல் விழுந்தபோது கடன் இருந்தது, தண்டனை இருந்தது, கிளப் இருக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. 2024-லும் 2025-லும் விழுந்தபோது கிளப் திவாலாகவில்லை. யாரும் புள்ளியைப் பறிக்கவில்லை. 25 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய புது மைதானம் கட்ட, 2024 டிசம்பர் மாதம் நகரசபை அனுமதியும் கொடுத்தது.

கடனோடு விழுந்தால் இடுப்பு ஒடியும். கடன் இல்லாமல் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். வலி இரண்டிலும் உண்டு. எழுந்து நடக்க முடிவது, சிராய்த்த முழங்காலோடுதான்.

லாக்யர் என்ன ஆனார்? 2025-ம் ஆண்டு, தாம் இளவயதில் ஆடிய பிரிஸ்டல் ரோவர்ஸ் கிளப்பில் மறுபடியும் ஆட்டக்காரராகச் சேர்ந்தார்.